குதிரை வளர்ப்போர்க்கு வேண்டிய கருவிகளும் பராமரிப்பும்

நாஞ்சில் நாடு ஏரையும் மாட்டையும் நன்கு அறிந்த நாடு. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் நெல்வயல்களில் தலைமுறை தலைமுறையாக உழுதுவந்தவை காளைகளும் எருமைகளுமே. மாட்டின் பசியையும் நோவையும் அதன் முகம் பார்த்தே அறியும் பெரியவர்கள் இன்றும் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். குதிரையைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது. கன்னியாகுமரி பகவதியம்மன், நவராத்திரி விழாவின் பத்தாம் நாளில் குதிரை வாகனத்தில் எழுந்தருளி மகாதானபுரத்திற்குப் பரிவேட்டைக்குச் செல்வதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். எனினும், உயிருள்ள குதிரை ஒன்றைக் கொட்டிலில் கட்டிக் காத்த அனுபவம் நம் குடும்பங்களில் மிகச் சிலவற்றிற்கே உண்டு.

நாட்டில் குதிரைகளின் தொகையும் குறைந்து வருகிறது. 2012ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் ஆறேகால் இலட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும், 2019ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் சுமார் 3.4 இலட்சமாகக் குறைந்துவிட்டன. ஆயினும் குதிரையின் மீதுள்ள ஆசை குறைந்துவிடவில்லை. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்குக் கத்தியவார் குதிரைகளும் மார்வார் குதிரைகளும் வருகின்றன. அவற்றைக் காணவும் வாங்கவும் பல மாவட்டத்தார் கூடுகின்றனர். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பிழைக்கவோ, திருவிழா ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடவோ, பொழுதுபோக்கிற்காகவோ ஒருவர் குதிரை வாங்க விரும்பினால், அதை வாங்குமுன் அவர் அறிந்திருக்க வேண்டியவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய பாடம் ஒன்று

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகம் வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டின் குதிரை வாணிகத்தைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். தாமிரவருணி கடலோடு கலக்கும் இடத்தில் இருந்த காயல் துறைமுகத்திற்கு ஆர்முசு, ஏடன் முதலிய இடங்களிலிருந்து கப்பல்கள் குதிரைகளை ஏற்றி வந்தன. அரசர் ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட குதிரைகளைப் பெரும் பொன் கொடுத்து வாங்குவார் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்றும் அவர் குறிக்கிறார். குதிரையைப் பேணும் முறை அறிந்தோர் இல்லாமையே அதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. குதிரைகளுக்கு இறைச்சியும் சோறும் சமைத்து ஊட்டினார்களாம். குதிரை விற்ற வணிகர்களோ, தம் நாட்டு லாடக்காரர்களும் குதிரை வைத்தியர்களும் இங்கு வராதபடி பார்த்துக்கொண்டார்களாம். குதிரை இறந்தால்தானே மறு ஆண்டும் விற்பனை நடக்கும்!

பயணிகள் கூறும் தொகையில் மிகை இருக்கலாம். ஆனால் அதில் அடங்கிய பாடம் மெய்யானது. பாண்டியனின் கருவூலத்தில் பொன்னுக்குக் குறைவில்லை. தக்க தீவனமும், குளம்பு பார்க்கும் கையும், பேணும் அறிவும் இல்லாமையால் அத்தனை செல்வமும் மண்ணாயிற்று. எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்பு குதிரை வாங்கும் ஓர் எளிய குடும்பத்திற்கும் இதே இழப்பு நேரக்கூடும். கடன் பட்டு வாங்கிய குதிரை ஆறு மாதத்தில் மாண்டால் கடன் மட்டுமே மிஞ்சும்.

மாடு வேறு, குதிரை வேறு

மாடு வளர்த்தவர் குதிரையை மாட்டைப் போலவே நடத்த முற்படுவது இயல்பு. தவறு தொடங்கும் இடமும் அதுவே. மாட்டிற்கு நான்கு அறைகள் கொண்ட இரைப்பை உண்டு. அவசரமாக விழுங்கியதைப் பின்னர் படுத்து அசைபோட்டுச் செரிக்கும். குதிரைக்கு ஒரே இரைப்பை. அதுவும் உடலின் அளவை நோக்கச் சிறியது. குதிரை அசைபோடாது, வாந்தி எடுக்கவும் அதனால் இயலாது. ஆகவே கெட்ட தீவனத்தையோ அளவுக்கு மிஞ்சிய தீவனத்தையோ தின்றுவிட்டால் அதை வெளியேற்ற வழியின்றி வயிற்றுநோவு கண்டு துடிக்கும். இந்நோவினாலேயே பல குதிரைகள் மடிகின்றன.

மாடு கழுத்தில் நுகத்தை ஏற்று இழுக்கும். குதிரை மார்பாலும் தோளாலும் இழுக்கும். மாட்டை மூக்கணாங்கயிற்றால் அடக்குகிறோம். குதிரையை வாயிலிட்ட கடிவாளத்தால் நடத்துகிறோம். மாட்டின் குளம்பு பிளவுபட்டது. ஒரு காலுக்கு இரண்டு லாடத் துண்டுகள் வேண்டும். குதிரையின் குளம்பு ஒற்றையாதலால் வளைந்த ஒரே லாடம் அடிக்கப்படும். இவ்வேறுபாடுகளை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் கருவிகளின் தேவை எளிதில் விளங்கும்.

முதலில் வேண்டுவது கொட்டில்

குதிரை வாங்கியவுடன் பலர் முதலில் தேடுவது பளபளக்கும் கடிவாளத்தையும், சலங்கையையும், தலையில் சூட்டும் இறகையும் ஆகும். இவை கடைசியில் வாங்கினாலும் குற்றமில்லை, வாங்காவிட்டாலும் குறைவில்லை. குதிரை வீடு வந்து சேருமுன்பே ஆயத்தமாக இருக்க வேண்டியது கொட்டிலே.

ஒரு குதிரைக்குப் பன்னிரண்டு அடி நீளமும் பன்னிரண்டு அடி அகலமும் உள்ள இடம் வேண்டும். அதில் அது திரும்பவும் படுத்தெழவும் இயலும். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டும் பெய்கின்றன. ஆண்டில் பல மாதங்கள் நிலம் ஈரமாகவே இருக்கும். ஆதலின் கொட்டிலின் தரை சுற்றுப்புறத்தைவிட உயர்ந்தும், மூத்திரம் வழிந்தோடும் வகையில் சற்றுச் சரிந்தும் இருத்தல் வேண்டும். வழுக்கும் சிமெண்டுத் தரை ஆகாது. உலர்ந்த வைக்கோலையோ, நன்கு காய்ந்த தென்னை நார்க் கழிவையோ படுக்கையாகப் பரப்பி, நனைந்த பகுதியை நாள்தோறும் அகற்றிவிட வேண்டும். கூரை உயரமாகவும் காற்றோட்டமாகவும் இருக்கட்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கத்தில் உள்ளோர், பலத்த காற்றும் தூசியும் நேரே புகாதவாறு வாசலின் திசையைத் தெரிந்துகொள்வது நலம்.

கொட்டிலுக்குரிய கருவிகள் மிகச் சிலவே: சாணம் வாரும் கவைக்கோல், துடைப்பம், கூடை அல்லது தள்ளுவண்டி, கூரிய விளிம்பில்லாத தீவனத் தொட்டி, இரண்டு வாளிகள். சுவரில் ஆணியோ கம்பியோ நீட்டிக்கொண்டிருத்தல் கூடாது. குதிரை சிறு ஓசைக்கும் திடுக்கிட்டுத் துள்ளும் பிராணி. ஓர் ஆணி அதன் கண்ணைப் போக்கிவிடப் போதுமானது.

தீவனமும் நீரும்

குதிரையின் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு உலர் தீவனம் நாளொன்றுக்கு வேண்டும். அதில் பெரும் பகுதி புல்லாகவே இருத்தல் வேண்டும். நம் பகுதியில் காணம் எனப்படும் கொள்ளு, தொன்றுதொட்டுக் குதிரைக்கு அளிக்கப்படும் தானியம். அதை ஊறவைத்தோ வேகவைத்தோ, சிறிது சிறிதாக இரண்டு மூன்று வேளைகளில் கொடுக்க வேண்டும். ஒரே வேளையில் நிறையக் கொட்டுவது ஆபத்து. புதிய தீவனத்திற்கு மாறும்போதும் ஒரு வாரம் பத்து நாட்களில் படிப்படியாக மாற்றுவதே முறை.

நெல் விளையும் நாட்டில் தவிடு மலிவு. ஆனால் தவிட்டையே முக்கிய உணவாக்கினால், அதில் மணிச்சத்து மிகுந்தும் சுண்ணச்சத்து குறைந்தும் இருப்பதால், எலும்பு மெலிந்து முக எலும்பு வீங்கும் நோய் உண்டாகும். கம்பு நேப்பியர் போன்ற ஒட்டுப்புல்லை மட்டுமே தின்னும் குதிரைக்கும் இக்குறை நேரலாம். அப்புல்லில் உள்ள ஆக்சலேட்டு சுண்ணச்சத்தை உடலில் சேரவிடாது. குதிரை மசால், காராமணி முதலிய பயறுவகைத் தீவனங்களைச் சேர்த்துக்கொண்டால் இக்குறை பெரிதும் நீங்கும். குதிரை மசால் என்ற பெயரே அதன் பயனைக் கூறிவிடுகிறதன்றோ! தேவைப்படின் தாது உப்புக் கலவையைக் கால்நடை மருத்துவரின் யோசனைப்படி அளிக்கலாம். வெயிலில் வியர்த்து உழைக்கும் குதிரைக்கு உப்பும் இன்றியமையாதது.

இங்கு முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் சேர்க்கப்படும் மோனென்சின் என்னும் மருந்து குதிரைக்குக் கொடிய நஞ்சு. அது இதயத் தசையைக் கெடுத்துக் குதிரையைக் கொன்றுவிடும். ஆகவே கோழிப் பண்ணையில் மிஞ்சிய தீவனத்தைக் குதிரைக்கு ஒருபோதும் வைத்தல் கூடாது. பூசணம் பிடித்த வைக்கோலையும் அளிக்கலாகாது.

நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை குதிரை நீர் பருகும். கோடையிலும் கடும் உழைப்பிலும் இன்னும் மிகுதியாக வேண்டும். தூய நீர் எந்நேரமும் கிடைக்கும்படி இருத்தல் நலம். கடற்கரையில் குதிரை ஓட்டுவோர் தீவனத்தை மணலில் கொட்டலாகாது. புல்லோடு மணலும் வயிற்றில் சேர்ந்து தங்கி, நாளடைவில் வயிற்றுநோவை உண்டாக்கும். தீவனப் பையை முகத்தில் கட்டியோ, தொட்டியில் இட்டோ கொடுக்க வேண்டும். தின்று முடித்ததும் பையை அவிழ்த்துவிட வேண்டும்.

குளம்பின் காவல்

குளம்பு கெட்டால் குதிரை கெட்டது. குளம்பைச் சுத்தம் செய்யும் வளைந்த இரும்புக் கொக்கி, விலை குறைந்த கருவி; ஆனால் குதிரைக்காரர் கையில் இருக்க வேண்டிய கருவிகளுள் தலையாயது. நாள்தோறும் காலையிலும், சவாரிக்கு முன்னும் பின்னும் நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்து, குதிகாலிலிருந்து நுனியை நோக்கி மண்ணையும் சாணத்தையும் கல்லையும் எடுத்துவிட வேண்டும். குளம்பின் அடியில் முக்கோண வடிவில் மெத்தென்ற பகுதி ஒன்று உண்டு; அதைக் குத்திவிடலாகாது. ஈரத் தரையில் நிற்கும் குதிரைக்கு அப்பகுதியின் ஓரங்கள் அழுகிக் கறுத்துத் துர்நாற்றம் வீசும். மழை மிகுந்த நம் மாவட்டத்தில் இது குறித்து இரட்டிப்பு ஜாக்கிரதை வேண்டும். உலர்ந்த தரையும் நாள்தோறும் சுத்தம் செய்வதுமே இதற்கு முதல் மருந்து.

குளம்பு நம் நகத்தைப் போல் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை அதைச் சீவி ஒழுங்குபடுத்த வேண்டும். தார்ச் சாலையிலும் கல் நிலத்திலும் நடக்கும் குதிரைக்கு லாடம் வேண்டும். பெரும்பாலும் மண்ணில் நிற்கும் குதிரைக்கு நன்கு சீவிய வெறுங்குளம்பே போதுமானதாக இருக்கலாம். மாட்டிற்கு லாடம் அடிப்பவர் எவ்வளவு தேர்ந்தவராயினும், குதிரைக் குளம்பில் பழகாதவரை அதற்கு அழைப்பது தவறு. ஆணி ஓர் அங்குலத்தின் சிறு பகுதி விலகினும் உயிருள்ள சதையில் பாய்ந்துவிடும். ஆகவே குதிரைக்கு விலை பேசுமுன், எட்டு வாரங்களுக்கு ஒருமுறை வந்துபோகக்கூடிய லாடக்காரர் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அன்று காயல் துறைமுகத்தில் இல்லாதிருந்தவர் அவரே என்பதை மறவாதீர்.

தேய்த்துத் துடைத்தல்

குதிரையைத் தேய்ப்பது அழகுக்காக மட்டுமன்று. தேய்க்கும்போதுதான் வீக்கமும் புண்ணும் உண்ணியும் நம் கைக்குத் தட்டுப்படுகின்றன. இதற்கு வேண்டியவை: சேற்றையும் உதிர்ந்த மயிரையும் எடுக்கும் குரப்பம் என்னும் சீப்பு, கெட்டியான தூரிகை ஒன்று, மெல்லிய தூரிகை ஒன்று, பிடரிக்கும் வாலுக்கும் ஒரு சீப்பு, கண்ணையும் மூக்கையும் துடைக்க இரண்டு தனித்தனித் துணிகள், வியர்வை நீரை வழித்தெடுக்கும் தகடு. குரப்பத்தைச் சதைப் பிடிப்புள்ள இடங்களில் மட்டுமே, அதுவும் மெதுவாக, உபயோகிக்க வேண்டும். முகத்திலும் முழங்காலுக்குக் கீழும் மெல்லிய தூரிகையே தகும். ஒரு குதிரையின் தூரிகையை மற்றொன்றிற்கு உபயோகித்தல் கூடாது. தோல் நோய் பரவும்.

தலைக்கயிறும் கடிவாளமும்

தலைக்கயிறு கட்டவும் நடத்திச் செல்லவும் உரியது; கடிவாளம் சவாரிக்கு மட்டுமே உரியது. கடிவாள வாரைக் கொண்டு குதிரையை மரத்தில் கட்டுவது பெருந்தவறு. குதிரை மிரண்டு பின்வாங்கினால் வாய் கிழியும். சில சமயம் தாடையே முறியும். தலைக்கயிற்றினால் கட்டும்போதும், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சையே போட வேண்டும்.

நம் மாவட்டத்தில் தென்னை நார்க் கயிறு எளிதில் கிடைக்கும். தேங்காய்ச் சுமை கட்ட அது ஏற்றது. குதிரையின் முகத்திற்கு ஏற்றதன்று. அதன் சொரசொரப்பு மூக்கெலும்பின் மீதுள்ள மெல்லிய தோலை அறுத்துவிடும். அகன்ற பருத்தி நாடாவோ மென்மையான தோல் வாரோ கொண்டு தலைக்கயிறு செய்துகொள்வது உத்தமம். மூக்கின்மேல் வரும் பட்டைக்கும் எலும்புக்கும் இடையே இரண்டு விரல்கள் நுழைய வேண்டும்.

கடிவாளத்தில் வாய்க்குள் இருக்கும் இரும்பு, குதிரைக்கு முன்பல்லும் கடைவாய்ப்பல்லும் இல்லாத இடைவெளியில் அமர்கிறது. அது வாயின் அகலத்திற்குப் பொருந்தியதாகவும், வழவழப்பாகவும் இருத்தல் வேண்டும். சரியாக மாட்டினால் வாயின் கடைக்கோடியில் ஒன்றிரண்டு சுருக்கங்கள் தோன்றும். முள் வைத்த கடிவாளத்தை உபயோகிப்பது இரக்கமற்ற செயல் மட்டுமன்று, சட்டப்படி குற்றமும் ஆகும். முரட்டுக் கடிவாளத்தால் அடங்கும் குதிரை, வலிக்கு அஞ்சி நிற்கிறதேயன்றிப் பழகி நிற்கவில்லை. அவ்வச்சம் எல்லை மீறும் நாளில் எவராலும் அதை நிறுத்த இயலாது.

சேணம்

ஏறுவோனின் பாரம் குதிரையின் முதுகெலும்பின் மீது விழாமல், எலும்பின் இருபுறத்துத் தசைகளின் மீது பரவிச் செல்லும்படி செய்வதே சேணத்தின் வேலை. பிடரி மயிர் முடியும் இடத்தில் உயர்ந்து நிற்கும் மேட்டைச் சேணத்தின் வளைவு தொடவே கூடாது. ஆள் ஏறி அமர்ந்த பின்னும் அங்கே இரண்டு மூன்று விரல்கள் நுழையும் இடைவெளி இருத்தல் வேண்டும். பின்புறமிருந்து பார்த்தால் சேணத்தின் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும்.

இரவல் வாங்கிய சேணம் பெரும்பாலும் பொருந்துவதில்லை. ஒருவர் செருப்பை மற்றொருவர் அணிந்து பத்துக் கல் நடந்தால் கால் என்னவாகுமோ, அதுவே முதுகுக்கும் ஆகும். பொருந்தாத சேணத்தின் முதல் அடையாளம், சவாரி முடிந்து சேணத்தை எடுக்கும்போது, சுற்றிலும் வியர்த்திருக்க ஒரு சிறு இடம் மட்டும் உலர்ந்து காணப்படுவதாகும். அங்கே அழுத்தம் மிகுதி. பின்னர் அவ்விடத்தில் வெள்ளை மயிர் முளைக்கும். அதற்கும் பின்னர் புண்ணாகும். புண் ஆறும் வரை அம்முதுகில் சேணம் வைக்கலாகாது. அதன்மேல் துணியை மடித்து வைத்துச் சவாரி செய்வது புண்ணை ஆழமாக்கும் செயலேயாகும்.

சேணத்தின் கீழே வியர்வையை உறிஞ்சும் பருத்தி அல்லது கம்பளி விரிப்பு வேண்டும். அதைத் துவைத்து வெயிலில் உலர்த்தியே மீண்டும் உபயோகிக்க வேண்டும். வயிற்றுவாரை ஒரேயடியாக இறுக்காமல் இரண்டு மூன்று முறையாக இறுக்கி, விரல்களை நுழைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னங்காலின் பின்புறத் தோல் வாரில் சிக்கிச் சுருங்கியிருந்தால் அதை நீவி விடுக. அங்கவடி, ஏறுவோனின் காலணியைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமாக இருத்தல் வேண்டும். குறுகலாயின் கால் சிக்கிக்கொள்ளும். மிக அகலமாயின் பாதம் முழுதும் உள்ளே நழுவிவிடும். விழுந்த ஆளைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடுவது இவ்விரு காரணங்களாலேயே.

கடற்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். மழைக்காலத்தில் தோல் பூசணம் பூக்கும். ஆகவே ஒவ்வொரு நாளும் கடிவாள இரும்பை நன்னீரில் கழுவ வேண்டும். தோல் வார்களை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, வாரம் ஒருமுறை தோலுக்குரிய எண்ணெய் தடவி வைக்க வேண்டும். அச்சமயம் தையல்களை இழுத்துப் பாருங்கள். இற்றுப்போன வார் சவாரியின் நடுவில் அறுவதைவிட, வீட்டில் அறுவதே நன்று.

குதிரை சுமக்கத்தக்க எடை

ஏறுவோனும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. குதிரையை நிறுக்கத் தராசு வேண்டியதில்லை. தையற்காரரின் அளவு நாடா போதும். முன்னங்கால்களின் பின்புறம் மார்பைச் சுற்றி அளந்த அளவை அதே அளவால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையுள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை கிலோகிராமில் ஏறக்குறையக் கிடைக்கும். அளவுகள் யாவும் சென்டிமீட்டரில் இருத்தல் வேண்டும்.

உதாரணமாக, மார்புச் சுற்றளவு 150, நீளம் 150 என்று கொள்வோம். 150ஐ 150ஆல் பெருக்க 22,500. அதை மீண்டும் 150ஆல் பெருக்க 33,75,000. அதை 11,880ஆல் வகுக்க ஏறக்குறைய 284 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு 57 கிலோ. சேணம் 8 கிலோவாயின், ஏறுவோன் 49 கிலோவுக்கு மேல் இருத்தல் ஆகாது. அதாவது, இக்குதிரை சிறுவர்களைச் சுமக்கலாம். நன்கு வளர்ந்த ஆடவரைச் சுமக்கலாகாது. ஒரே குதிரையில் இருவர் ஏறுவதை நாம் கண்டிருக்கிறோம். இக்கணக்கைப் போட்டுப் பார்த்தவர் அதற்கு இசையமாட்டார்.

ஏறுவோர் அணிய வேண்டியவை

முதலாவது, தாடையின் கீழ் வாரால் இறுக்கிக் கட்டும் தலைக்கவசம். குதிரைமீதிருந்து விழுவோர்க்குப் பேராபத்து தலையில் படும் அடியே. வாடகைக்குக் குதிரை ஓட்டுவோர் சிறுவர்களுக்குரிய அளவிலும் கவசம் வைத்திருப்பது கடமை. இரண்டாவது, சிறிது குதியுள்ள காலணி; குதியானது பாதம் அங்கவடியில் நழுவாமல் தடுக்கும். இரப்பர்ச் செருப்போடும் வெறுங்காலோடும் ஏறலாகாது. வேட்டியும் மேல்துண்டும் சேணத்தில் சிக்கும். உடலோடு பொருந்திய உடையே தகும். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும்.

நோய்களும் முதலுதவியும்

ஒவ்வொரு கொட்டிலிலும் ஒரு சிறு பெட்டி இருக்கட்டும். அதில் வெப்பமானி, சுத்தமான பஞ்சு, கட்டுத்துணி, புண் கழுவும் மருந்து, கத்தரிக்கோல், கைவிளக்கு ஆகியன இருந்தால் போதும். நலமுள்ள குதிரையின் உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியசு. ஓய்வில் நாடித் துடிப்பு நிமிடத்திற்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. தாடையின் கீழ்ப்புறம் விரலை வைத்து நாடியை எண்ணப் பழகிக்கொள்ளுங்கள்.

குதிரை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தல், காலால் தரையைப் பறித்தல், படுத்துப் புரளுதல், சாணம் போடாமை ஆகியவை வயிற்றுநோவின் அறிகுறிகள். உடனே தீவனத்தை அகற்றிவிட்டுக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். மாட்டிற்கு மூங்கில் குழாயில் மருந்து புகட்டுவது போலக் குதிரைக்கு எண்ணெயோ கஷாயமோ புகட்டலாகாது. அது நுரையீரலுக்குள் சென்று உயிருக்கு உலை வைக்கும். ஊர்தியோடு வந்து உதவும் கால்நடை மருத்துவச் சேவையை 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம்.

இரணஜன்னி நோய்க்கு மிக எளிதில் ஆளாகும் வளர்ப்புப் பிராணி குதிரையே. துருப்பிடித்த ஆணி ஒன்று போதும். ஆதலின் தடுப்பூசியை மருத்துவர் கூறும் காலப்படி தவறாமல் போட வேண்டும். பேணுவோரும் தமக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநாய்க்கடி நோய்க்கும் தடுப்பூசி உண்டு. கடிக்கும் ஈக்களால் பரவும் சர்ரா என்னும் நோய், விட்டுவிட்டுக் காய்ச்சலையும் இளைப்பையும் கால் வீக்கத்தையும் உண்டாக்கும். சாணத்தைக் கொட்டிலுக்கு அருகில் குவிக்காமல் தொலைவில் எருக்குழியில் மூடி வைத்தால் ஈயின் தொல்லை குறையும். வயலுக்கு நல்ல எருவும் கிடைக்கும்.

கிளாண்டர்ஸ் என்னும் நோய் மனிதரையும் தாக்கவல்லது. 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி இதை அதிகாரிகளுக்கு அறிவித்தே ஆக வேண்டும். மூக்கிலிருந்து சீழ் வடிதல், தோலில் கட்டிகள் வரிசையாகத் தோன்றி உடைதல் முதலியவற்றைக் கண்டால் மறைக்கலாகாது. வெளியூரிலிருந்து வாங்கிவரும் குதிரைக்கு இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும், மூன்று வாரமாவது தனியே கட்டி வைத்துக் கவனிப்பதும் அறிவுடைமை. அரியானா மாநிலம் இசாரில் 1985ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இத்தகைய நோய்களை ஆராய்ந்து வருகிறது. நமக்கு அருகில் திருநெல்வேலியில் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது.

சட்டமும் ஊராட்சியும்

1960ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டமும், அதன்கீழ் 1965ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இழுவை, சுமைப் பிராணிகளுக்கான விதிகளும் குதிரைக்கும் பொருந்தும். நாளொன்றுக்கு மொத்தம் ஒன்பது மணி நேரத்திற்கு மேலும், தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டியிலோ சுமையிலோ பூட்டலாகாது. இருசக்கர வண்டியில் ஒரு குதிரைக்கு, காற்றடைத்த சக்கரமாயின் 750 கிலோவும், அல்லாத சக்கரமாயின் 500 கிலோவுமே மேல்வரம்பு. முள்ளுள்ள கோலும் கடிவாளமும் கூடா. சேணத்தின் வளைவுக்கும் தோள்மேட்டிற்கும் இடையே போதிய இடைவெளி இருத்தல் வேண்டும் என்பதையும் அவ்விதிகளே கூறுகின்றன.

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் இதில் செய்யக்கூடியவை பல. திருவிழாக் காலங்களில் வரும் குதிரைகளுக்கு நிழலும் தண்ணீர்த் தொட்டியும் ஏற்படுத்தலாம். ஊர்வலத்திற்கு முன்னர் கால்நடை மருத்துவரைக் கொண்டு அவற்றைப் பார்வையிடச் செய்யலாம். குதிரையின் அருகில் வெடி வெடிப்பதைத் தடுக்கலாம். மிரண்ட குதிரை கூட்டத்தில் பாய்ந்தால் விளையும் கேட்டைச் சொல்ல வேண்டியதில்லை. கிழப்பருவம் எய்தியதும் சாலையில் அவிழ்த்துவிடப்படும் குதிரைகளைக் குறித்து உரியவரை அழைத்துப் பேசலாம். நன்கு பேணப்பட்ட குதிரை இருபத்தைந்து ஆண்டுகள் வரை வாழும். அதன் கடைசி ஆண்டுகளின் தீவனச் செலவும் வாங்கும் நாளிலேயே கணக்கில் சேர வேண்டியதாகும்.

முடிவாக, வாங்க வேண்டிய வரிசை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் வரிசை இதுவாகும்: முதலாவது, உலர்ந்த கொட்டிலும் நீரும். இரண்டாவது, மூன்று மாதத் தீவனத்திற்கு வழி. மூன்றாவது, லாடக்காரரும் கால்நடை மருத்துவரும் யாவர் என்ற முடிவு. நான்காவது, தலைக்கயிறு, குளம்புக் கொக்கி, தூரிகைகள், முதலுதவிப் பெட்டி. ஐந்தாவது, குதிரை. ஆறாவது, அக்குதிரையின் முதுகையும் வாயையும் அளந்து பொருத்திய சேணமும் கடிவாளமும். ஏழாவது, தலைக்கவசமும் காலணியும். இவை யாவும் அமைந்த பின்னரே முதல் சவாரி. சலங்கையும் இறகும் அதன் பின்னர் அவரவர் விருப்பம்.

முதல் மூன்றிற்கும் கையில் பொருளோ வழியோ இல்லையெனில், குதிரை வாங்கும் எண்ணத்தை ஓராண்டு தள்ளிவைப்பதே குடும்பத்திற்கும் நல்லது, குதிரைக்கும் நல்லது. நம்மை நம்பி நம் கொட்டிலுக்கு வரும் வாயில்லாப் பிராணி, தனக்கு வேண்டியதைக் கேட்டுப் பெற இயலாது. அது கேட்குமுன் அறிந்து அளிப்பதே வளர்ப்போர் கடமை. மாட்டைப் பேணுவதில் பெயர் பெற்ற நாஞ்சில் நாட்டார்க்கு, கற்றுக்கொண்டால் குதிரையைப் பேணுவதும் கைவராத கலையன்று.